ஷார்ஜா சனையாவில் (தொழிற்பேட்டை) பழைய நிசான் பட்ரோலை உசரமாக்க லிஃப்ட் போடப் போறவங்க, என் 11,400 திர்ஹம் போன கதையைக் கேட்டுட்டுப் போங்க

11,400 திர்ஹம். ஊர்க் காசுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல. அதைக் கொடுத்து, என் வண்டியில ஏற்கெனவே இருந்த என்னோட ஸ்பிரிங்கையே நான் திரும்ப வாங்கியிருக்கேன். நேத்து சாயங்காலம்தான் தெரிஞ்சது, ராத்திரி பூரா தூங்கல.

கேரேஜ் பேரைக் கேட்காதீங்க. இந்த நாட்டில ஆன்லைன்ல ஒருத்தன் பேரைப் போட்டுத் திட்டினா கேஸ் நம்ம மேல வரும். சனையால இருக்கிற, குட்டி வீடியோவா போட்டுத் தள்ளுற ஒரு ஃபோர்வீல் கேரேஜ். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வண்டி 2004 மாடல் நிசான் பட்ரோல், ஒய்61. 4.8 லிட்டர், ஆறு சிலிண்டர். ஏன் இந்தக் கிழட்டு வண்டின்னு வீட்டுக்காரி கேட்காத நாளில்ல. 2010ல வந்த ஒய்62 நல்ல வண்டிதான், ஆனா அதுல நாலு சக்கரமும் தனித்தனியா ஆடுற சஸ்பென்ஷன். ஒய்61ல முன்னாடியும் பின்னாடியும் முழு ஆக்சில், காயில் ஸ்பிரிங். கழட்டி மாட்ட சுலபம். பதாயர் பாலைவன மணல்ல இன்னைக்கும் இந்தப் பழசுங்கதான் கூட்டமா நிக்கும். எனக்கு வேண்டியது ரெண்டு இன்ச் லிஃப்ட், அவ்வளவே. பெரிய ஆசை எதுவும் இல்ல.

போன மாசம் அந்த கேரேஜுக்குப் போனேன். ஹிந்தியில ஆரம்பிச்சேன். ஃபோர்மேன் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "அண்ணே, தமிழா?"ன்னான். மானாமதுரைன்னேன். "நான் பரமக்குடிப் பக்கம்ணே, ஒரே ரயில்ல வர்ற ஆளுங்க"ன்னான். ஸ்டூல் போட்டான், சுலைமானி டீ வந்துச்சு. இருபது நிமிஷம் வண்டியைப் பத்தியே பேசல. வைகையில தண்ணி வந்துச்சா, உங்க ஊர்ல கடம் செய்யிற குடும்பம் இன்னும் இருக்காங்களா, இதே பேச்சு. பதினோரு வருஷமா இங்க இருக்கேன். தமிழ்ல பேசினா உருகிடுற புத்தி மட்டும் போகல.

அப்புறம் உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிட்டு வந்தான். ஆஸ்திரேலியா லிஃப்ட் கிட், ஸ்பிரிங்கும் ஷாக்கப்ஸரும் சேர்ந்த செட். "தூக்கிப் பாருங்கண்ணே"ன்னான். தூக்கினேன், நல்ல கனம். பெட்டியோட ஒரு மூலை கிழிஞ்சு உள்ள மஞ்சள் ஸ்பிரிங் தெரிஞ்சது. திறக்கச் சொல்லல. சொல்லியிருக்கணும். சொல்லவே தோணல, அதுதான் வயிறு எரியுது.

கணக்கை வாயாலேயே சொன்னான். ஸ்பிரிங்கும் ஷாக்கப்ஸரும் 7,800. கேஸ்டர் புஷ் 900. நீளம் மாத்துற பனார்ட் ராட் 750. நீளமான பிரேக் ஹோஸ் 450. கூலி 1,500. மொத்தம் 11,400. வெளியில கேட்டா பதினாலுக்குக் குறையாது, உங்களுக்காகன்னு சொன்னான். முன்பணம் 6,000 ரொக்கமா கொடுத்தேன். மீதி 5,400 வண்டி எடுக்கும்போது, அதுவும் ரொக்கம்.

கேஸ்டர் புஷ் எதுக்குன்னு தெரியாதவங்களுக்கு: வண்டியைத் தூக்கினா முன் ஆக்சில் கொஞ்சம் திரும்பி, ஸ்டீயரிங்கை நேராப் பிடிச்சு வைக்கிற கோணம் குறைஞ்சு போகும். புஷ் மாத்தி அந்தக் கோணத்தைத் திரும்பக் கொண்டு வரணும். பனார்ட் ராட்டும் அப்படித்தான், அதைச் சரி பண்ணலைன்னா ஆக்சில் ஒரு பக்கமா தள்ளி நிக்கும். இதெல்லாம் எனக்கே தெரியும். தெரிஞ்சும் குனிஞ்சு பார்க்கல. வண்டி உசரமா நின்னுச்சு, மஞ்சள் ஸ்பிரிங் பளபளன்னு இருந்துச்சு, போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பிட்டு வந்துட்டேன்.

மூணு வாரம் முன்னாடி மலீஹா ரோட்டுல குடும்பத்தோட போறேன். வேகம் நூறு. பாலத்து இணைப்புல ஒரு தட்டு தட்டினதும் ஸ்டீயரிங் பிடிச்சு ஆட்ட ஆரம்பிச்சது பாருங்க, சாமி ஏறின மாதிரி. ரெண்டு கையாலயும் நிறுத்த முடியல. பின்சீட்ல மக. பிரேக்கை மெதுவா அமுக்கி, ஓரம் கட்டி, நாலு இண்டிகேட்டரும் போட்டு நின்னப்ப கால் தரையில ஊனல. அறுபதுல ஓட்டிக்கிட்டே வீடு வந்தோம். வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசல.

அன்னைக்கே அந்த ஃபோர்மேனுக்குப் போன் பண்ணேன். "டயர் பேலன்ஸ் பண்ணுங்கண்ணே, சரியாயிடும்." பண்ணேன், சரியாகல. "புது ஸ்பிரிங் உக்காரணும்ணே, ஐநூறு கிலோமீட்டர் ஓடட்டும்." ஓட்டிப் பார்க்கணுமாம், அந்த ஆட்டத்தோட! அடுத்த வாரம் "முதலாளி ஊருக்குப் போயிருக்காரு". அதுக்கு அடுத்து நேர்ல போனேன். சுலைமானி இல்ல, ஸ்டூல் இல்ல. "வண்டி பழசுண்ணே, 2004 மாடல், இதுக்கெல்லாம் நாங்க எப்படிப் பொறுப்பு?" 11,400 வாங்கும்போது வண்டி புதுசா இருந்துச்சாடா?

நேத்து சாயங்காலம் வேற ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். பெஷாவர்க்காரப் பெரியவர், பட்ரோல் மட்டும்தான் பார்ப்பார். ஜாக்கி போட்டு சக்கரத்தைத் தொங்க விட்டார். பிரேக் ஹோஸ் கொடிக்கயிறு மாதிரி விறைச்சு நின்னுச்சு. பழைய ஹோஸே தான். மணல்ல ஒரு குழியில சக்கரம் இறங்கியிருந்தா அறுந்திருக்கும்னார். பனார்ட் ராட், நிசான்ல வந்த பழசு, மேல கறுப்பு பெயிண்ட். கேஸ்டர் புஷ் மாத்தவே இல்ல. ஒரு ஷாக்கப்ஸர்ல எண்ணெய் கசியுது, ஆஸ்திரேலியா ஸ்டிக்கர் கோணலா ஒட்டியிருக்கு.

அப்புறம் பின் ஸ்பிரிங். மேல லேத்தில கடைஞ்ச நைலான் வளையம், ரெண்டு இன்ச். உசரம் வந்தது அதனாலதான். பிளேடால மஞ்சளைச் சுரண்டினார். அடியில சிவப்பா ஒரு கோடு. போன வருஷம் பார்க்கிங்ல நானே ஸ்பிரிங்கைக் கழட்டினப்ப இடது வலது மாறிடக் கூடாதுன்னு என் மக நெயில் பாலிஷால போட்ட கோடு அது. இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ரெண்டு. அப்படியே இருக்கு. பெரியவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பரிசோதனைக்குக் காசே வாங்கல அவர். பாஷை தெரியாத மனுஷன்.

காலையில அந்த ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். முதல்ல எடுத்து "பில்லுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க"ன்னான். பில்லை எடுத்துப் பார்த்தா 'சஸ்பென்ஷன் வேலை – 11,400', ஒரே லைன். வரி எண் இல்ல, 5 சதவீத வாட் வரி இல்ல. 2018ல இருந்து வாட் இருக்கிற நாட்டில அதைக்கூட நான் கவனிக்கல. திரும்பக் கூப்பிட்டா பிளாக்.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், டியூட்டிக்கு நேரமாச்சு. சுருக்கமா: பெட்டியை உங்க முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க. கழட்டின பழைய சாமானை வீட்டுக்குக் கொண்டு வாங்க, தர மாட்டேன்னா அங்கேயே தெரிஞ்சிடும். வரி எண்ணோட, ஒவ்வொரு சாமானும் தனித்தனியா எழுதின பில். ரொக்கம் வேண்டவே வேண்டாம், கார்டுல கொடுங்க. "பாஸிங்கை, அதான் வண்டி டெஸ்டை, நான் பாத்துக்கிறேன்"னு என்கிட்டயும் சொன்னான், நம்பாதீங்க. அனுமதி இல்லாம இன்ஜின், சேசிஸ்ல கை வெச்சா 1,000 திர்ஹம், லைசென்ஸ்ல 12 கறுப்புப் புள்ளி, 30 நாள் வண்டி உள்ள. மாட்டுறது அவன் இல்ல, முல்கியாவில, அதாவது வண்டி ஆர்.சி.யில, பேர் இருக்கிற நீங்க.

எழுதி முடிக்கிறப்ப கூட வேலை செய்யுறவன் ஒரு வீடியோ அனுப்பினான், அந்த கேரேஜ் இன்னைக்குப் போட்டது. ஒரு வெள்ளை பட்ரோல் நிக்குது, முன்னாடி தரையில அதே அட்டைப்பெட்டி, அதே மூலையில அதே கிழிசல். அந்த வெள்ளை வண்டிக்காரரை யாருக்காவது தெரிஞ்சா இன்னைக்கே போன் போட்டுச் சொல்லுங்க, மீதிப் பணத்தைக் கொடுத்துடாம.