கேரவனுக்கு ஹீட்டர் போட்டவர்கள் சீட்டுக்கு அடியில் ஒரு முறை திறந்து பாருங்கள்

சேலத்தில் டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றித் தரும் பட்டறை ஒன்றில் வண்டிக்குள் சூடு தரும் டீசல் ஹீட்டரும், குளிர் தாங்க உள்சுவர் வேலையும் செய்துகொண்டோம். இரண்டுக்கும் சேர்த்து வாங்கிய பணம் 1,40,000 ரூபாய். அந்த ஹீட்டரின் புகை, என் அம்மா படுத்திருந்த சீட்டுக்கு அடியில் கசிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அதே பட்டறையில் வேலை செய்துகொண்ட வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. அங்கே வீடு கிடையாது. மார்கழி, தை மாதங்களில் பழம் பறிக்கும்போது இரவு தங்கியாக வேண்டும். அம்மா இல்லாமல் அங்கே எடை போடுவதும் இல்லை, கூலி கொடுப்பதும் இல்லை. அந்த நாட்களில் மலை மேல் இரவு 13 டிகிரி வரை இறங்கும், சில நாள் அதற்கும் கீழே போகும். தகர வண்டிக்குள் வயதானவர் தூங்க முடியாது. ஆடம்பரத்துக்காகப் போட்ட ஹீட்டர் இல்லை இது.

பட்டறைக்காரர் இனிமையாகத்தான் பேசினார். "2 கிலோவாட் எல்லாம் சின்ன வண்டிக்குண்ணா. உங்களுக்கு 5 கிலோவாட்டே போட்டுடலாம், ஜெர்மன் சரக்கு, அஞ்சு நிமிஷத்துல சூடாயிடும்" என்றார். ஏமாற்று இந்த இடத்திலேயே தொடங்குகிறது. வெளியே 13 டிகிரி, உள்ளே 22 வேண்டும் என்றால் வித்தியாசம் 9 டிகிரிதான். சுவரும் கூரையும் ஒழுங்காக மூடிய டிராவலருக்கு ஒரு கிலோவாட்டுக்கும் குறைவான வெப்பம் போதும். அங்கே 5 கிலோவாட் ஹீட்டர் தன் முழு வேகத்துக்குப் போகவே போகாது. இரவு முழுக்கச் சிம்மில் முனகிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் அணைந்து அணைந்து எரியும். டீசல் அரைகுறையாக எரிந்து ஹீட்டரின் எரியும் அறைக்குள் கரி அப்பும். விலை கூடுதலான பெரிய ஹீட்டர், கெடுவது மட்டும் சீக்கிரம்.

அதை அவர் சேலத்திலேயே, பகல் வெயிலில் ஓட்டிக் காட்டினார். அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது. சேலம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்து, பம்ப் தள்ளும் டீசல் மட்டும் அதே அளவு இருந்தால் இன்னும் கரி, இன்னும் விஷப்புகை. 1,500 மீட்டருக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதென்றால் எரிபொருள் அளவை மாற்றி அமைக்கச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. ஏற்காட்டுக்குத்தான் வண்டி என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். அவர் எதையும் மாற்றவில்லை.

முதல் குளிர் இரவில் ஹீட்டர் பற்றும்போதே வெள்ளைப் புகை கிளம்பியது. பிறகு உள்ளே சூடு வந்தது, கூடவே லேசான டீசல் நாற்றம். போன் செய்தால், "புது ஹீட்டர் அப்படித்தாண்ணா இருக்கும், ரெண்டு நாள் ஓட்டுங்க, போயிடும்" என்று பதில். நள்ளிரவு தாண்டி அம்மா எழுந்து உட்கார்ந்து, "நெத்திப்பொட்டு வலிக்குது கண்ணு, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றார். கதவைத் திறந்து அவரை வெளியே கூட்டி வந்து, போர்வை போர்த்தி உட்கார வைத்தோம். காற்றுப் பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார். எனக்கும் மனைவிக்கும் தலை கனத்தது. விடியும் வரை யாரும் உள்ளே போகவில்லை.

எஸ்டிமேட்டில் 'கார்பன் மோனாக்சைடு அலாரம்' என்று ஒரு வரி இருந்தது. அதற்குத் தனியாகக் காசும் வாங்கியிருந்தார்கள். கூரையில் ஒரு வெள்ளை டப்பாவும் இருந்தது. அன்று இரவு அது கத்தவே இல்லை. ஊருக்கு வந்து கழற்றிப் பார்த்தால் அது சாதாரணப் புகை அலாரம். கண்ணுக்குத் தெரியும் புகையைத்தான் அது கண்டுபிடிக்கும். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொல்லக்கூடியது. எங்களை டீசல் நாற்றம் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன். இந்த ஒரு டப்பாவுக்காகவே அந்த ஆளை நான் மன்னிக்க மாட்டேன். வாங்குகிறவர்கள் டப்பாவின் மேல் இ.என். 50291-2 என்று அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். கேரவன் போன்ற வண்டிகளுக்கான கார்பன் மோனாக்சைடு அலாரத் தரம் அது.

சீலநாயக்கன்பட்டிப் பக்கம் டீசல் பம்ப் வேலை செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டோம். சீட்டைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. பிறகு, "சார், இத ஓட்டிட்டா உள்ள படுத்தீங்க?" என்று கேட்டார்.

இந்த ஹீட்டரில் இரண்டு காற்றுப் பாதைகள் உண்டு. ஒன்று, நெருப்புக்கு வெளிக்காற்றை இழுத்து, எரிந்த புகையை வெளியே தள்ளும் பாதை. இன்னொன்று, வண்டிக்குள் இருக்கும் காற்றை இழுத்துச் சூடாக்கித் திருப்பி விடும் பாதை. இரண்டும் எந்த இடத்திலும் கலக்கவே கூடாது. அதற்காகத்தான் புகைக்குழாயின் இணைப்பு தரைக்குக் கீழே, வண்டிக்கு வெளியே வர வேண்டும். ஹீட்டர் உட்காரும் இடத்தில் தட்டும் கேஸ்கட்டும் வைத்துத் துளையை முழுதாக அடைக்க வேண்டும். எங்கள் வண்டியில் குழாய் நீளம் பற்றாமல் சீட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒட்டுப் போட்டிருந்தார்கள், ஒரே ஒரு கிளாம்ப் போட்டு. அதைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. தரையில் கை நுழையும் அளவுக்குத் துளை, அதைச் சுற்றி அடைப்பே இல்லை. புகைக்குழாயின் வாய் வண்டியின் ஓரத்துக்கு வராமல் நடு வயிற்றுக்குக் கீழேயே நின்றுவிட்டது. நிற்கும் வண்டியில் அந்தப் புகை எங்கே போகும்? அந்தத் துளை வழியாக மேலேதான்.

வெள்ளைப் புகைக்கும் காரணம் கிடைத்தது. பற்றவைக்கும் குளோ பிளக் முதல் சில நிமிடங்களுக்கு 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். லைட்டுக்குப் போடும் மெல்லிய ஒயரைப் போட்டால் வோல்ட் இறங்கி, அது சரியாகச் சூடேறாது. எரியாத டீசல்தான் வெள்ளையாக வெளியே வந்திருக்கிறது. டீசலை டிக் டிக் என்று தள்ளும் சின்னப் பம்பைச் சாய்வாக, வாய் மேலே பார்க்க மாட்ட வேண்டும், படுக்க வைத்திருந்தார்கள். அணைப்பதற்கு, "இந்த மெயின் சுவிட்சைத் தட்டினாப் போதும்ணா" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது மிகவும் தவறு. ரிமோட்டில் அணைத்த பிறகும் ஃபேன் சில நிமிடம் ஓடி உள்சூட்டை இறக்கும். நடுவில் கரண்டை வெட்டினால் உள்ளே இருக்கும் பாகங்கள் கருகும்.

சுவர் வேலைக்கு வருகிறேன். முதல் நாள் காலையிலேயே ஜன்னல் ஓரமெல்லாம் தண்ணீர் வடிந்து மெத்தை நனைந்திருந்தது. ரெக்சின் ஒட்டிய பிளைவுட்டைக் கழற்றினால், பிரிட்ஜ் பெட்டியில் வரும் தெர்மாகோல் துண்டுகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. இரும்புச் சட்டங்கள் மொட்டையாகவே இருந்தன. சூடு முதலில் ஓடுவது அந்தச் சட்டங்கள் வழியாகத்தான். கூரையில் வெள்ளிக் காகிதம்போல் ஒரு ஷீட்டை நேராகத் தகரத்தில் ஒட்டியிருந்தார்கள். பளபளப்புப் பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வெப்பத்தைத் திருப்பும். தகரத்தோடு ஒட்டிவிட்டால் அதுவும் ஒரு தகரம்தான். மூடிய அறையில் மனிதர் மூச்சிலிருந்தே இரவெல்லாம் ஈரம் வந்துகொண்டிருக்கும். குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் அது நீராகிவிடும். ஹீட்டரை எவ்வளவு கூட்டினாலும் அந்த வண்டி காயாது.

பட்டறைக்காரரிடம் திரும்பிப் போனபோது பேச்சு மாறிவிட்டது. "வாரண்டி ஹீட்டருக்குத்தான், ஃபிட்டிங்குக்கு இல்லை" என்றார். டீசல் கலப்படம் என்றார். நாங்கள் ஏதோ கழற்றிவிட்டோம் என்றார். பில் கேட்ட ஒவ்வொரு முறையும் "டெலிவரி அன்னைக்குத் தர்றேண்ணா" என்று சொல்லிவிட்டு, கடைசியில் வெள்ளைத்தாள் எஸ்டிமேட்டோடு நிறுத்திக்கொண்டவர்தான் இவர்.

அந்த மெக்கானிக் 2 கிலோவாட் ஹீட்டரைப் புதிதாகப் போட்டு, புகைக்குழாயை ஒரே துண்டாகத் தரைக்குக் கீழே கொண்டுபோய் ஓரத்தில் வெளியே விட்டார். தாழ்ந்த இடத்தில் நீர் வடியச் சின்ன ஓட்டையும் போட்டார். சுவருக்கு, ஏசி டக்ட் வேலைக்காரர்கள் ஒட்டும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட்டைச் சட்டங்களையும் சேர்த்து மூடி ஒட்டினோம். ஜன்னல்களுக்கு ஃபோம் வைத்துத் தைத்த உறை. சூட்டுக்காற்று கால் மட்டத்தில் வருகிறது, ஹீட்டர் வண்டிக்குள் இருக்கும் காற்றையே திரும்ப இழுக்கிறது, ஈரம் போகக் கூரைத் திறப்பு ஒரு விரல் அளவு திறந்தே இருக்கிறது. இப்போது சிறிய ஹீட்டரே பாதி வேகத்தில் போதும். அம்மா அதே சீட்டில்தான் படுக்கிறார். தலைமாட்டில் இப்போது நிஜமான அலாரம் இருக்கிறது.

வேலைக்கு விடப் போகிறவர்கள் எழுத்தில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: பலகை மூடுவதற்கு முன் எங்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் அடுத்த தவணை. சுவர், கூரை, ஹீட்டர் தட்டு, தரைத் துளை, குழாய் முடியும் இடம், ஒயர் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் வண்டியை அப்போதே எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே போட்டவர்கள், சீட்டைத் தூக்கிப் பார்க்கும் வரை அந்த ஹீட்டரை எரிக்காதீர்கள். கம்பளி போதும்.

இப்படி ஏமாந்தவர்களுக்கு: முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. பட்டறை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பணம் அனுப்பிய போன் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, அந்த வெள்ளைத்தாள் எஸ்டிமேட், கழற்றியபோது எடுத்த படங்கள் எல்லாம் ஆதாரம். பழைய ஹீட்டரையும் குழாயையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எங்கள் ஹீட்டர் ஒட்டுப் போட்ட குழாயோடு ஒரு சாக்கில் கட்டி வீட்டில் இருக்கிறது, ஆணையம் கேட்டால் கொண்டுபோய்க் காட்ட.