தமிழ்ப் பாட்டுக்கு மிக்குவா, சோலாரியாவா?

சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் நள்ளிரவில் வாய்விட்டுப் பாட முடியாது. தமிழ்மொழி விழாவுக்குப் பாட்டுச் செய்ய நினைக்கும் நம் இளையர் மெய்நிகர்ப் பாடகிகளிடம், அதாவது எழுதிக் கொடுப்பதைப் பாடும் கணினிக் குரல்களிடம், போவதில் வியப்பில்லை. ஆனால் ஹட்சுனே மிக்கு, சோலாரியா இருவருக்குமே தமிழ் தெரியாது. யார் குறைவாகச் சொதப்புவார் என்பதே கேள்வி.

2007இல் கிரிப்டன் நிறுவனம் வெளியிட்ட மிக்குவின் ஜப்பானியக் குரலில் உயிரெழுத்துகள் அருமை. எ, ஒ இரண்டும் சுத்தமாக விழும். மெய்யில்தான் தொல்லை. ஜப்பானிய மொழியில் ர, ல வேறுபாடு கிடையாது, ழகரமும் இல்லை. ‘மழை’ ‘மரை’யாகிவிடும். ‘பால்’ என்று முடிக்கவும் வழியில்லை, ‘பாரு’ என்று இழுப்பார்.

2022இல் சிந்தசைசர் வி மென்பொருளுக்கு வந்த சோலாரியா ஆங்கிலக் குரல். சொல்லிறுதி மெய் தடையின்றி வரும். ஆங்கில ‘ர்’ நம் ழகரத்துக்கு ஓரளவு பக்கத்தில் நிற்பதால் ‘மழை’ மழையாகவே கேட்கும்! ஓகாரம் மட்டும் ‘ஓவ்’ என்று வழுக்கும். அந்த இடங்களில் அவரையே ஜப்பானிய ஒலிகளில் பாட வைக்கலாம். அந்த வசதி மென்பொருளிலேயே உண்டு.

கமகம் இருவரிடமும் தானாக வராது. திரையில் சுருதியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோட்டை வளைத்து வளைத்துக் கையால்தான் வரைய வேண்டும்.

மெல்லிசைக்கு என் ஓட்டு சோலாரியாவுக்கே. இயந்திரச் சாயல்தான் அழகு என்பவர்கள் மிக்குவை வாங்கலாம். பாட்டை விற்பதில் சிக்கலில்லை; ஆனால் உறையில் மிக்குவின் படத்தைப் போட்டு விற்கக் கிரிப்டனின் அனுமதி தேவை.