மருத்துவப் பதிவுகள்: மையத் தரவுத்தளமா, பிளாக்செயினா?

மின்னணு மருத்துவப் பதிவுகளைச் சேமித்துப் பகிர மூன்று வழிகள் முன்வைக்கப்படுகின்றன: அனைத்தையும் ஒரே நிறுவனத்தின் மையத் தரவுத்தளத்தில் வைப்பது, முழுப் பதிவையும் பிளாக்செயினிலேயே (பல கணினிகள் நகல் வைத்துக்கொள்ளும், எழுதியதைப் பின்னர் மாற்ற முடியாத பதிவேட்டுச் சங்கிலி) ஏற்றுவது, பதிவை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பிலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஒரு குறுகிய மதிப்பை, மட்டும் சங்கிலியில் பதிப்பது.

மையத் தரவுத்தளம் வேகமானது. தவறாகப் பதிவான இரத்த வகையை அதில் எளிதாகத் திருத்திவிடலாம். ஆனால், யார் எந்தப் பதிவைத் திறந்தார்கள் என்ற தணிக்கைக் குறிப்பும் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் கையிலேயே இருப்பதால், முழு அதிகாரம் பெற்ற நிர்வாகி ஒருவர் பதிவையும் அதைத் தொட்ட தடயத்தையும் சேர்த்தே மாற்றிவிட முடியும். பாதிக்கப்பட்ட நோயாளியிடம் அதை நிரூபிக்க எதுவும் மிஞ்சாது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அதற்காக முழுப் பதிவையும் சங்கிலியில் ஏற்றும் யோசனையை நான் ஏற்கவில்லை. ஒரு சி.டி. ஸ்கேனே நூற்றுக்கணக்கான மெகாபைட் இருக்கக்கூடும். அதைச் சங்கிலியில் சேர்ந்த ஒவ்வொரு கணினியும் நகலெடுத்து வைப்பது வீண். அதைவிடப் பெரிய தடை, அழிக்க முடியாமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 17ஆம் பிரிவு, விதிவிலக்குகளுடன், அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. சாவியின்றிப் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கம் செய்து ஏற்றினாலும், அது என்றாவது உடைபடும் நாளில் நகல்கள் பலர் கையில் இருக்கும். மரபணுத் தகவலோ நோயாளியின் பிள்ளைகளையும் தொடரும்.

மூன்றாவது வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. எவ்வளவு பெரிய கோப்பானாலும் எஸ்.எச்.ஏ.-256 என்ற ஹாஷ் முறை தருவது 32 பைட்டுகள் மட்டுமே. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு அடியோடு மாறிவிடும். எம்.ஐ.டி.யில் 2016இல் உருவான மெட்ரெக் என்ற முன்மாதிரியும் எத்தீரியம் என்ற பிளாக்செயின் தளத்தில் அனுமதிகளையும் பதிவு இருக்கும் இடத்தின் சுட்டியையும்தான் வைத்தது. எஸ்டோனியாவிலும் இத்தொழில்நுட்பம் மருத்துவப் பதிவுகள் மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்கவே பயன்படுகிறது, சேமிப்பு வேறிடத்தில்.

இங்கும் கவனம் வேண்டும். இரத்த வகை போன்ற சிறிய தரவானால், எல்லா வாய்ப்புகளையும் முயன்று ஹாஷிலிருந்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம்; ஆகவே ஒரு தற்செயல் எண்ணைச் சேர்த்தே ஹாஷ் எடுக்க வேண்டும், பதிவை அழிக்கும்போது அந்த எண்ணையும் அழிக்க வேண்டும். ஒருவர் எந்நாளில் எந்த மனநல மருத்துவமனைக்குச் சென்றார் என்பதே அந்தரங்கமாதலால், பொதுச் சங்கிலியைவிட ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் போன்ற, அனுமதி பெற்றவர் மட்டுமே சேரும் வலையமைப்பு ஏற்றது. முதலில் உள்ளிடப்பட்டதே பிழையென்றால் சங்கிலி அதையும் அப்படியே காத்து நிற்கும். மருத்துவமனைகளின் மென்பொருள்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்வதோ எஃப்.எச்.ஐ.ஆர். போன்ற பொதுத் தரநிலையின் வேலை.

பதிவைத் திறக்கும் சாவி நோயாளியிடம் மட்டுமே இருந்தால், அவர் நினைவிழந்து வரும் வேளையில் மருத்துவர் கைகட்டி நிற்க நேரும். எனவே அவசரத் திறப்புக்கு வழி வைத்து, அப்படித் திறந்த ஒவ்வொரு முறையையும் சங்கிலியில் பதிய வேண்டும். ஒருவரையொருவர் முழுதும் நம்பாத பல மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பங்கேற்கும் இடத்தில் அந்தப் பதிவுக்கு ஈடு வேறில்லை. எழுதுபவர் ஒரே நிறுவனம் என்றால், மின்னொப்பமிட்ட தணிக்கைக் குறிப்பின் ஹாஷை அவ்வப்போது வெளியாரிடம் ஒப்படைத்து வைப்பதே போதும்.