இலங்கை 2022: கோட்டாபய உரையும் ரணில் உரையும்

மார்ச் 16 அன்று நாட்டுக்கு உரையாற்றிய ஜனாதிபதி கோட்டாபய, இந்தப் பொருளாதார நெருக்கடியை நான் உருவாக்கவில்லை என்றார். எரிவாயு வரிசையில் நின்றவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? சர்வதேச நாணய நிதியத்தை நாடும் முடிவையும் அதே உரையில்தான் சொன்னார். யார் காதிலும் ஏறவில்லை.

மே 16 அன்று, பதவியேற்று 4 நாளே ஆன பிரதமர் ரணில் பேசினார். கையிருப்பில் இருப்பது ஒரு நாளுக்கான பெட்ரோல்தான், சம்பளம் கொடுக்கவே பணம் அச்சிட வேண்டும், அடுத்த சில மாதங்கள் இன்னும் கடினம் என்றார். கசப்பு மருந்துதான், ஆனால் கணக்கு இருந்தது. சரி, புதிதாக வந்தவருக்கு உண்மை பேசுவது சுலபம். ஆனாலும் ஜூலை 9 அன்று அவர் வீடும் எரிக்கப்பட்டது.