128 கோர், 500 வாட், இரண்டிலும் அதே எண்: எபிக் 9755-ஆ, ஜியான் 6980பி-ஆ?

சர்வர் பிராசஸர்களை ஒப்பிடுவது கொஞ்ச காலம் முன்புவரை சுலபமான வேலையாக இருந்தது. 2022 நவம்பரில் ஏஎம்டி 96 கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் மையம்) கொண்ட எபிக் 9654-ஐ இறக்கியது. 2023 ஜனவரியில் இன்டெல் கொண்டுவந்த ஜியான் 8490எச்-இல் 60 கோர்தான். கோர்களை எண்ணிப் பார்த்தாலே பாதி முடிவு கையில் வந்துவிடும்.

2024-இல் அந்த வசதி போய்விட்டது. செப்டம்பர் 24 அன்று இன்டெலின் ஜியான் 6980பி வந்தது. அக்டோபர் 10 அன்று ஏஎம்டியின் எபிக் 9755 வந்தது. இரண்டிலும் 128 கோர், 256 த்ரெட் (ஒரு கோர் ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஓட்டும்), 500 வாட், 12 மெமரி சேனல் (மெமரிக்குப் போகும் பாதை). எல்3 கேஷ்கூட (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான தற்காலிக நினைவகம்) ஜியானில் 504 எம்பி, எபிக்கில் 512 எம்பி. விவரத்தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். மூடியைத் திறந்தால்தான் ஒரே வேலைக்கு இரண்டு பேர் எவ்வளவு வேறு மாதிரி வீடு கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும்.

எபிக்கில் 16 சின்னச் சின்ன சிப்லெட்டுகள் (ஒரே பிராசஸருக்குள் சேர்த்து வைத்த தனித்தனிச் சிலிக்கான் துண்டுகள்). ஒவ்வொன்றிலும் 8 கோர், அந்த எட்டுக்கும் பொதுவாக 32 எம்பி எல்3. நடுவில் தனியாக ஒரு ஐஓ சிப். மெமரி, பிசிஐஇ (டிஸ்க், ஜிபியு போன்றவற்றை இணைக்கும் பாதை) எல்லாம் அதன் வழியாகத்தான். மொத்தமாகப் பார்த்தால் 512 எம்பிதான். ஆனால் ஒரு கோர் தன் தரவை வைத்துக்கொள்ள முடிவது தன் சிப்லெட்டின் 32 எம்பியில் மட்டும். பக்கத்து சிப்லெட்டின் கேஷ் காலியாகக் கிடந்தாலும் அதை எடுத்துக்கொள்ள முடியாது.

ஜியானில் மூன்று பெரிய கணக்கிடும் துண்டுகள். ஒவ்வொன்றிலும் 168 எம்பி எல்3, கூடவே நான்கு மெமரி சேனல்கள். துண்டுக்குள் எந்தக் கோரும் அந்த 168 எம்பி முழுவதையும் தொடலாம். மெமரியும் அதே சிலிக்கானில் ஒட்டியிருப்பதால், தன் பகுதி மெமரியைத் தொடும்வரை தாமதம் குறைவு. கோருக்கே சொந்தமான சின்னக் கேஷான எல்2-விலும் ஜியானுக்குக் கோருக்கு 2 எம்பி, எபிக்குக்கு 1 எம்பி.

என் கணக்கில் இந்த ஒப்பீட்டின் உயிர்நாடி இதுதான். உங்களிடம் இருப்பவை சின்ன மெய்நிகர் கணினிகளா, பெரிய ஒற்றைப் பூதமா? நான்கு, எட்டு, பதினாறு விசிபியு (மெய்நிகர் கணினிக்கு ஒதுக்கும் த்ரெட்) கொண்ட விஎம்கள், அதாவது மெய்நிகர் கணினிகள், நூறு ஓடுகிறதென்றால் எபிக்கின் எட்டு கோர் அறைகள் அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. பதினாறு த்ரெட் விஎம் ஒன்று ஒரு சிப்லெட்டில் அப்படியே அமர்ந்துவிடும். பக்கத்து அறையில் யாராவது கேஷை அலசிக் கொட்டினாலும் இவருக்குப் பாதிப்பு குறைவு. வெப் சர்வர், கன்டெய்னர் (தனித்தனிப் பொட்டலமாக ஓடும் செயலி) கூட்டம், சிஐ பில்ட் (நிரலைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் வேலை) எல்லாம் இந்த வகைதான். அதுவே நாற்பது கோரைப் பிடித்துக்கொண்டு நூறு எம்பிக்கு மேல் சூடான (அடிக்கடி தேவைப்படும்) தரவை எல்லாத் த்ரெட்டுகளும் மாறி மாறித் தொடும் ஒரே டேட்டாபேஸ் என்றால், எபிக்கில் அது ஐந்து சிப்லெட்டுகளுக்குச் சிதறும். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக ஒவ்வொரு முறையும் நடுவில் இருக்கும் ஐஓ சிப்பைச் சுற்றித்தான் வர வேண்டும். ஜியானில் அந்த நாற்பதும் ஒரே துண்டுக்குள் அடங்கும்.

இன்டெலுக்கும் இதில் ஒரு முள் இருக்கிறது. 128-ஐ மூன்றால் வகுத்தால் மீதி வரும். சிப்பை மூன்றாகப் பிரித்துக் காட்டும் எஸ்என்சி3 முறையில் மூன்று நியூமா பகுதிகளாக (தனக்கென்று பக்கத்து மெமரி கொண்ட கோர் குழுக்களாக) தெரியும்போது கோர்கள் 43, 43, 42 என்று பிரிகின்றன. விஎம் அளவுகளை 8, 16, 32 என்றே வைத்துப் பழகியவர்களுக்கு ஒவ்வொரு பகுதியிலும் ஒட்டுத்துண்டுகள் மிஞ்சும். அந்தப் பிரிவையே அணைத்துவிட்டு முழுச் சிப்பையும் ஒரே பகுதியாகக் காட்டச் சொல்லலாம். அப்போது தாமதம் கூடும். எபிக்கில் இந்தத் தலைவலி இல்லை, 16 அறையும் சமம். ஒவ்வொரு எல்3-ஐயும் தனி நியூமா பகுதியாகக் காட்டும் அமைப்புகூட பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருளில்) உண்டு.

மெமரிக்கு வருவோம். எபிக் அதிகாரப்பூர்வமாக டிடிஆர்5-6000 எடுக்கும் (சில சர்வர் தளங்களில் 6400). ஜியான் சாதாரண டிடிஆர்5-6400-ஓடு எம்ஆர்டிஐஎம்எம் என்ற புதுவகை மெமரியையும் 8800 வேகத்தில் எடுக்கும். ஒரே மெமரித் தட்டில் இரண்டு வரிசைகளை ஒரே நேரத்தில் படித்து, இரண்டையும் பின்னிப் பின்னி அனுப்பும் உத்தி அது. 12 சேனலுக்குக் கணக்குப் போட்டால் எபிக்குக்கு விநாடிக்கு 576 ஜிபி, ஜியானுக்கு 844.8 ஜிபி. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வானிலை மாதிரிகள், பாய்ம இயக்கவியல் போன்ற, மெமரிக்காகக் காத்துக் காத்தே நேரம் போகும் வேலைகளில் இந்த வித்தியாசம் அப்படியே முடிவில் தெரியும். வெப் சர்வர்காரருக்கு இது தெரியவே தெரியாது. எம்ஆர்டிஐஎம்எம் சாதாரண மெமரியை விட விலை கூடியது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அது இல்லாமல் 6980பி வாங்குவது, அதன் பெரிய பலத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது மாதிரி.

இதைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 12 சேனல் இருக்கும் போர்டில் எட்டு மெமரி மட்டும் செருகி வந்த சர்வர்களைப் பார்த்திருக்கிறேன். மொத்த ஜிபி கணக்கு சரியாகத்தான் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு பேண்ட்விட்த் காணாமல் போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. எந்தச் சிப் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைப்பவர்கள் இதில் கோட்டை விடுவது வேடிக்கை.

ஏஐ விஷயத்தில் ஜியானின் கையில் இருக்கும் துருப்புச்சீட்டு ஏஎம்எக்ஸ். ஒவ்வொரு கோரிலும் மேட்ரிக்ஸ் பெருக்கலுக்கென்றே தனி அலகு. இன்ட்8 (8 பிட் முழு எண்) கணக்கில் ஒரு சுழற்சிக்கு 2048 செயல்கள். பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் பழைய ஏவிஎக்ஸ்-512 வழியில் 256. எபிக்கில் இதற்கு இணையான அலகு கிடையாது, ஆனால் 9755-இன் கோர் வடிவமைப்பான ஜென் 5 தலைமுறையில் ஏவிஎக்ஸ்-512 முழு 512 பிட் அகலத்தில் ஓடுகிறது. முந்தைய ஜென் 4 அதை இரண்டு 256 பிட் தவணையாகத்தான் செய்தது. ஜிபியு இல்லாமல் சின்ன மாடல்களைச் சிபியுவிலேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஜியான்தான், யோசிக்க வேண்டாம். நீளமான கேள்வியை உள்வாங்கும் கட்டத்தில் ஏஎம்எக்ஸ் கைகொடுக்கும், பதிலைச் சொல் சொல்லாக உதிர்க்கும் கட்டத்தில் அந்த 844 ஜிபி கைகொடுக்கும். ஜிபியு இருக்கிறதென்றால் இந்தச் சீட்டுக்கு மதிப்பு குறைவு. என்விடியாவே தன் ஏஐ சர்வரான டிஜிஎக்ஸ் ஏ100-இல் எபிக் 7742-ஐ வைத்தது, அடுத்து டிஜிஎக்ஸ் எச்100-இல் ஜியான் 8480சி-க்கு மாறியது. அங்கே சிபியு மாப்பிள்ளைத் தோழன்தான்.

க்யூஏடி, டிஎஸ்ஏ என்று ஜியானில் வேறு சில முடுக்கிகளும் இருக்கின்றன. குறியாக்கம், சுருக்கம், தரவு நகர்த்தல் ஆகியவற்றைக் கோர்களின் தோளிலிருந்து இறக்கி வைப்பவை. உங்கள் மென்பொருள் அவற்றைக் கூப்பிடாதவரை அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

போர்டு விஷயத்தில் எபிக் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறது. 2022-இல் வந்த அதே எஸ்பி5 சாக்கெட்டில் 9755-உம் உட்காரும், பயாஸ் புதுப்பித்தால் போதும். ஆனால் பழைய போர்டு 500 வாட்டைத் தாங்குமா என்று தயாரிப்பாளரின் பட்டியலைப் பார்த்த பிறகே கழற்றுங்கள். 400 வாட்டோடு நிற்பவை நிறைய. ஜியானுக்கு எல்ஜிஏ7529 என்ற புதுச் சாக்கெட், அதனால் போர்டு முதல் எல்லாம் புதிது. என்விஎம்இ டிஸ்குகளை (பிசிஐஇ வழியாக நேரடியாக இணையும் வேகமான டிஸ்குகளை) குவித்து ஒற்றைச் சாக்கெட்டில் ஸ்டோரேஜ் சர்வர் கட்டுபவருக்கு எபிக்கின் 128 பிசிஐஇ லேன் ஜியானின் 96-ஐ விட வசதி. இரண்டு சாக்கெட் போட்டால் கதை திரும்பும்: ஜியானுக்கு 192, எபிக்குக்கு அதிகபட்சம் 160.

விலையில் ஜியான் வந்தபோது பட்டியல் விலை மிக உயரத்தில் இருந்தது. சில மாதங்களிலேயே, 2025 ஜனவரியில், இன்டெல் அதை எபிக்கின் பக்கத்துக்கே இறக்கிவிட்டது. எனவே அதை வைத்து இப்போது வாதாட முடியாது.

இதையெல்லாம் விட ஏற்கனவே உங்கள் ரேக்கில் என்ன ஓடுகிறது என்பது பல நேரம் பெரிய கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமல் இன்டெல் சர்வரிலிருந்து ஏஎம்டி சர்வருக்கு நகர்த்த முடியாது. அணைத்து, மாற்றி, மறுபடி எழுப்ப வேண்டும். இருபது ஜியான் சர்வர் இருக்கும் கிளஸ்டரில் நான்கு எபிக் சேர்த்தால் அது இரண்டு கிளஸ்டர்தான், பராமரிப்பு நேரமும் இரண்டு. மொத்தமாக மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் இந்த எல்லையைத் தாண்டுங்கள். புதிதாக ஆரம்பிப்பவர், கலவையான பொது வேலைகளுக்கு எபிக் 9755-ஐ எடுக்கலாம் என்பேன்: அடிப்படை வேகமே 2.7 கிகாஹெர்ட்ஸ், ஜியானுக்கு 2.0.

அப்புறம், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் மாதிரி கோர் எண்ணிக்கைக்குக் காசு கேட்கும் மென்பொருள்தான் உங்கள் முக்கிய வேலை என்றால் இந்த இரண்டையுமே விட்டுவிடுங்கள். 128 கோருக்கு லைசன்ஸ் போட்டால் சிப்பின் விலை சில்லறையாகிவிடும். அதே எபிக் குடும்பத்தில் 9175எஃப் என்று ஒன்று இருக்கிறது. மொத்தமே 16 கோர், 5 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். சிப்லெட்டுகள் அதே பதினாறு. ஒரு சிப்லெட்டுக்கு ஒரே ஒரு கோர், அதற்கு 32 எம்பி கேஷ் முழுக்கத் தனிச்சொத்து.