கத்தி யார் கையில்? குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கான வெளிநாட்டுப் பயிற்சி இடங்கள், ஓர் ஒப்பீடு

குழந்தைகள் அறுவை சிகிச்சையில் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போக நினைக்கும் இளம் டாக்டர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஆஸ்பத்திரிக்குப் பெயர் அதிகம்?" என்றுதான். நான் பதிலுக்கு லாக்புக்கை, அதாவது ஒவ்வொரு அறுவையிலும் தன் பங்கு என்ன என்று டாக்டர் குறித்துவைக்கும் பதிவேட்டைப் பற்றிக் கேட்பேன். திரும்பி வரும்போது அதில் என்ன எழுதியிருக்க வேண்டும்? பார்த்தேன், உதவினேன், மேற்பார்வையில் செய்தேன், தனியாகச் செய்தேன் என்று நான்கு படிகள் இருக்கின்றன. இதில் எந்தப் படிக்காகப் போகிறீர்கள் என்று தெரிந்துவிட்டால், பாதி நாடுகள் தானாகவே பட்டியலை விட்டு விலகிவிடும்.

எங்கள் துறையில் இந்தக் கேள்விக்கு இத்தனை கனம் இருப்பதற்குக் காரணம் எண்ணிக்கை. உணவுக்குழாய் அடைபட்டுப் பிறக்கும் குழந்தை ஏறக்குறைய 3,000 முதல் 4,000 பிறப்புகளுக்கு ஒன்று. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாததால் மலம் நகராமல் தேங்கும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயும், மலவாய் அமையாமல் பிறப்பதும் 5,000க்கு ஒன்று வாக்கில். பித்தநாளம் அடைபட்ட குழந்தை இன்னும் அரிது. ஹெர்னியாவும் அபெண்டிக்ஸும் எங்கும் கிடைக்கும். அரிய கேஸ்களோ ஒரு யூனிட்டுக்கு வருடத்தில் கொஞ்சம்தான் வரும். அந்தக் கொஞ்சத்தை எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்த இடத்தின் மதிப்பு.

பிரிட்டன்: இரண்டு கதவுகள்

பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எம்.டி.ஐ. எனப்படும் மருத்துவப் பயிற்சித் திட்டம். அதிகபட்சம் 24 மாதம். ராயல் காலேஜ் (அங்குள்ள நிபுணர் அமைப்பு) ஸ்பான்சர் செய்வதால், வெளிநாட்டு டாக்டர்களுக்கான பிளாப் தேர்வை எழுதாமலே ஜி.எம்.சி. எனும் பிரிட்டிஷ் மருத்துவக் கவுன்சிலின் பதிவு கிடைக்கும். ஆங்கிலத் தேர்வு உண்டு. ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் 7க்குக் குறையக்கூடாது. வருமானம் குறைந்த நாடுகளின் டாக்டர்களுக்கு முன்னுரிமை. கற்றதோடு ஊர் திரும்ப வேண்டும் என்பதே திட்டத்தின் அடிப்படை, விசாவும் அதற்கேற்றதுதான்.

இன்னொரு கதவு சாதாரண வேலை. பிளாப் முடித்தோ, எம்.ஆர்.சி.எஸ். எனும் பிரிட்டிஷ் அறுவை மருத்துவத் தகுதியை வைத்தோ பதிவு வாங்கி, ஒரு மருத்துவமனையில் கிளினிக்கல் ஃபெல்லோவாக, அதாவது பயிற்சித் திட்டத்துக்கு வெளியே பணியாற்றும் டாக்டராகச் சேர்வது. 24 மாதக் கணக்கு இல்லை. சில வருடம் இருந்து சான்றுகளைச் சேர்த்து, போர்ட்ஃபோலியோ வழியில் ஸ்பெஷலிஸ்ட் பதிவுக்கு விண்ணப்பிக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் இந்தப் பதவியில் உங்களுக்குப் பயிற்சி தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் குறைவு. எம்.டி.ஐ.யில் கல்வி மேற்பார்வையாளர் ஒருவர் பெயர் சொல்லி நியமிக்கப்பட்டிருப்பார், என்ன கற்கப் போகிறீர்கள் என்பது தாளில் இருக்கும். அங்கேயே தங்கும் எண்ணம் இல்லாதவருக்கு நான் எம்.டி.ஐ.யைத்தான் சொல்வேன்.

தாளில் இருப்பது தியேட்டரிலும் நடக்குமா என்பது வேறு விஷயம். நான் பிரிட்டனில் இருந்த இரண்டு வருடத்தில் முதல் ஆறு மாதம் பெரும்பாலும் ஆன்-கால், அதாவது அவசர அழைப்புப் பணிதான். இரவு ரெஜிஸ்ட்ரார் (நடுநிலை டாக்டர்) முறைப்பட்டியலில் ஓர் ஓட்டை இருந்தது, அதை அடைக்க நான் கிடைத்தேன். வெளி மருத்துவமனைகளிலிருந்து வரும் போன்களை எடுப்பது, குழந்தையை மாற்ற ஏற்பாடு செய்வது, வார்டு. பச்சிளங்குழந்தை கேஸ் வந்தால் உள்நாட்டுப் பயிற்சியாளருக்குத்தான் முதல் உரிமை. அவர் தேர்வு முடித்துத் தகுதி பெற அந்த எண்ணிக்கை வேண்டும், அதில் நியாயம் இருக்கிறது. என் தவறு, ஆறு மாதம் வாய் திறக்காமல் இருந்தது. மேற்பார்வையாளரிடம் லாக்புக்கைத் திறந்து காட்டிப் பேசிய பிறகுதான் வாரம் ஒரு முழு நாள் அறுவை லிஸ்ட் என் பெயரில் வந்தது. அப்புறம் கைக்கு வேலை வந்தது.

யூனிட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிரிட்டனில் அரிய நோய்களைச் சில மையங்களில் குவித்துவிட்டார்கள். பித்தநாள அடைப்புக்கான கசாய் அறுவை 1999 முதல் லண்டன் கிங்ஸ் காலேஜ், பர்மிங்ஹாம், லீட்ஸ் ஆகிய மூன்று இடங்களில் மட்டும். கல்லீரல் அறுவையில் நாட்டம் உள்ளவர் வேறு எந்தப் புகழ்பெற்ற ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இரண்டு வருடத்தில் ஒரு கசாய் கூடப் பார்க்காமல் திரும்பலாம். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் 1852இல் தொடங்கியது, அதன் பெயருக்கு உரிய மதிப்பு உண்டு. ஆனால் உங்களுக்கு வேண்டிய கேஸ் எந்தக் கூரையின் கீழ் வருகிறது என்பதை முதலில் பாருங்கள்.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா

அமெரிக்காவில் முறையான வழி நீளமானது. யு.எஸ்.எம்.எல்.இ. எனும் மருத்துவ உரிமத் தேர்வுகள், அங்கேயே ஐந்து வருடம் பொது அறுவை சிகிச்சை, அதன் மேல் இரண்டு வருடம் குழந்தைகள் அறுவை சிகிச்சை. அந்தக் கடைசி இரண்டு வருட இடத்துக்கு உள்நாட்டவர்களுக்குள்ளேயே கடும் போட்டி. வெளிநாட்டில் ஏற்கெனவே பயிற்சி முடித்தவர் மறுபடி முதலாண்டு ரெசிடென்டாக உட்கார வேண்டும். அங்கேயே வாழ முடிவு செய்த, வயதில் இளையவருக்கு மட்டும் இது பொருந்தும். ஜே-1 எனும் பரிமாற்றப் பயிற்சி விசாவில் போனால் முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மற்றபடி அமெரிக்கா என்றால் பெரும்பாலும் அப்சர்வர்ஷிப், அதாவது அருகில் நின்று பார்ப்பதுதான். சில வாரம் முதல் சில மாதம். நோயாளியைத் தொட முடியாது, சம்பளம் கிடையாது, செலவு முழுவதும் நம்முடையது. அதற்காக இதை வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆல்பெர்ட்டோ பெனா 1980களின் தொடக்கத்தில் மெக்சிகோவில் வகுத்த பின்வழி அறுவை முறைதான் இன்று மலவாய்க் கோளாறுகளுக்கு உலகம் முழுவதும் அடித்தளம். ஆனால் அறுவைக்குப் பிறகும் மலத்தை அடக்க முடியாத குழந்தைகளுக்கு ஒரு வாரம் முழுக்கத் தினமும் எக்ஸ்ரே எடுத்து, எனிமாவை அளந்து மாற்றி, அந்தக் குழந்தை உள்ளாடை நனையாமல் பள்ளிக்குப் போகும் வரை கூடவே நிற்கும் குடல் மேலாண்மை முறை இருக்கிறதே, அதைப் பார்த்தே கற்கலாம். கத்தி தேவையில்லை. இப்படி ஒரு குறிப்பிட்ட விஷயத்தை மனதில் வைத்துப் போனால் அப்சர்வர்ஷிப் பலன் தரும். "சும்மா போய்ப் பார்க்கலாம்" என்று போவதற்கு அது அதிகச் செலவு.

கனடாவின் கிளினிக்கல் ஃபெல்லோஷிப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தன் நாட்டில் பயிற்சி முடித்தவர், மாகாண மருத்துவக் கவுன்சிலின் பயிற்சி உரிமத்தோடு ஓரிரு வருடம் நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கலாம், அறுவை செய்யலாம். சில இடங்களில் சம்பளம் உண்டு. சில இடங்களில் உங்கள் அரசோ நீங்களோ பணம் கட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் இதே போன்ற குறுகிய காலப் பயிற்சி வழி இருக்கிறது, அதுவும் இரண்டு வருட அளவில்.

ஆப்பிரிக்கா: பலர் யோசிக்காத வழி

பிரிட்டனுக்குப் பிறகு ஆறு மாதம் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்தேன். முதல் வாரத்திலேயே வயிறு பானையாக வீங்கிய ஐந்து வயதுப் பையன் வந்தான். பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல், அது ஹிர்ஷ்ஸ்ப்ரங் என்று யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. பாடப்புத்தகம் பிறந்த சில நாளில் கண்டுபிடிக்கச் சொல்லும் நோய். அங்கே ஒரே மாதத்தில் நான் முதல் கையாக, அதாவது முதன்மை அறுவையாளராகச் செய்தவை, பிரிட்டனில் ஒரு வருடத்தில் செய்ததைவிட அதிகம்.

இது வந்து போகும் விருந்தாளிக்கான இடம் மட்டுமல்ல, முறையான பயிற்சியும் அங்கே உண்டு. கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்கப் பகுதிக்கான அறுவை மருத்துவர் கல்லூரியான கொசெக்சா 1999இல் தொடங்கியது. தனிக் கட்டடம் இல்லாத கல்லூரி அது. பல நாட்டு மருத்துவமனைகளே வகுப்பறை, தேர்வு மட்டும் பொது. கேப் டவுனின் ரெட் கிராஸ் குழந்தைகள் மருத்துவமனை பக்கத்து நாடுகளிலிருந்து வரும் டாக்டர்களைப் பல காலமாகப் பயிற்றுவிக்கிறது. திரும்பிப் போய் அதே வசதிகளோடு வேலை செய்யப் போகிறவருக்கு இந்தப் பயிற்சி நேராகப் பொருந்தும்.

சரி, கைக்கு இவ்வளவு வேலை கிடைக்கும்போது ஏன் எல்லோரையும் அங்கேயே போகச் சொல்லவில்லை? 2021இல் 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளைச் சேர்த்து வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. குடல் வயிற்றுக்கு வெளியே வந்தபடி பிறக்கும் காஸ்ட்ரோஸ்கைசிஸ் குழந்தைகளில், ஏழை நாடுகளில் 90 சதவீதம் இறந்தார்கள். பணக்கார நாடுகளில் 1.4 சதவீதம். அந்த அறுவை அப்படியொன்றும் கடினமானதல்ல. குழந்தையைச் சூடு குறையாமல் கொண்டுவருவது, சிரைவழி ஊட்டம், தொற்று அண்டாத குழாய், பச்சிளங்குழந்தைக்கு மயக்கம் கொடுக்கத் தெரிந்தவர், இரவு மூன்று மணிக்கும் கண் அசராத நர்ஸ், இவைதான் அந்தக் குழந்தையைக் காப்பாற்றுகின்றன. அந்த ஏற்பாடு முழுமையாக ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் பிரிட்டன், கனடா போன்ற இடத்தில் கொஞ்ச காலம் இருந்துதான் ஆக வேண்டும். எனக்குச் சலிப்பூட்டிய அந்த ஆன்-கால் இரவுகளில்தான் இதைக் கற்றேன் என்பது ஆப்பிரிக்காவில் முதல் காஸ்ட்ரோஸ்கைசிஸ் குழந்தையைப் பறிகொடுத்தபோது புரிந்தது.

அதனால் என் தேர்வு இப்படி. அடிப்படைப் பயிற்சி முடித்து, கை இன்னும் பழகவில்லை என்று உணர்பவர் முதலில் கேஸ் நிறைய வரும் மையத்துக்குப் போங்கள். கை ஓடுகிறது, ஒரு யூனிட்டைக் கட்டி எழுப்பும் பொறுப்பு வரப்போகிறது என்றால் எம்.டி.ஐ. அல்லது கனடா. ஒரே ஒரு உத்தி மட்டும் வேண்டுமென்றால் அமெரிக்காவில் ஆறு வாரம் போதும்.

எங்கே விண்ணப்பித்தாலும், இடம் உறுதியாகும் முன் துறைத்தலைவரோடு நிறுத்திவிடாமல் அங்கே இப்போது வேலை செய்யும் வெளிநாட்டு ஃபெல்லோ ஒருவரோடு பேசுங்கள். போன மாதம் எத்தனை பச்சிளங்குழந்தைகளுக்கு நீங்கள் முதல் கையாக அறுவை செய்தீர்கள், வாரத்தில் எத்தனை இரவு ஆன்-கால், உங்கள் பெயரில் நிரந்தர லிஸ்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலில் எண் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். "நல்ல அனுபவம்" என்று மட்டும் சொன்னால், அதே யூனிட்டில் முந்தைய வருடம் இருந்தவரைத் தேடிப் பிடியுங்கள்.