பாலிமெரிக் மணல்: சுங்கை சிப்புட் மழைக்குத் தாக்குப்பிடிக்குமா?

பாலிமெரிக் மணல் நல்ல சரக்குதான். வம்பு பண்ணுவது நம் ஊர் ஈரம். கார் நிறுத்தும் இடத்து இன்டர்லாக் கல்லின் இடுக்குகளை அடைக்கும் இந்த மணலில், தண்ணீர் பட்டால் இறுகும் பசைப்பொடி கலந்திருக்கும். காய்ந்து இறுகியபின் மழை லேசில் அரிக்காது, எறும்பும் சுலபமாகத் தோண்டாது. சரிவான போர்ச்சில் சாதா மணல் நாலு மழைக்குள் லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) போய்விடும். அங்கே இதற்குக் கொடுக்கும் காசு தகும். சமதரையா? சலித்துக் காயவைத்த நைஸ் மணலே போதும்.

பையில் போட்டிருக்கும் பரப்பளவை அப்படியே நம்பி வாங்காதீர்கள். 200க்கு 100 மில்லிமீட்டர் கல், 60 மில்லிமீட்டர் கனம், 3 மில்லிமீட்டர் இடுக்கு என்றால், முழு ஆழத்துக்கும் நிரப்பச் சதுர மீட்டருக்கு 4 கிலோவுக்கு மேல் பிடிக்கும். ஒரு கார் நிற்கும் இடத்துக்கு 20 கிலோ பை மூன்று வாங்க வேண்டியிருக்கும்.

முதலில் கழுவ வேண்டும். பாசிக்கு, குளோராக்ஸ் (ப்ளீச்) ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. 10 நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்து அலசுங்கள். கூடவே எந்த ஆசிட்டையும் கலக்கக் கூடாது, விஷவாயு கிளம்பும். வாட்டர் ஜெட்டில் விசிறி போல விரியும் முனையைப் போட்டு, ஒரு அடி தள்ளிச் சாய்வாகப் பிடியுங்கள். ஊசி மாதிரி பீய்ச்சும் முனை கல்லின் மேல்தோலை உரித்து, ஜல்லியை வெளியே காட்டிவிடும். டாய்லெட் கழுவும் ஆசிட்டும் சிமெண்டைத் தின்னும். தோட்டத்துச் செம்மண் கறைக்கும் துருவுக்கும் ஆக்ஸாலிக் ஆசிட் போதும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கழுவின மறுநாளே மணல் கொட்டுவதுதான் பலரும் சறுக்கும் இடம். மேலே காய்ந்த மாதிரி தெரியும், இடுக்கில் ஈரம் இருக்கும். குச்சியை விட்டுப் பாருங்கள். நுனியில் மண் ஒட்டினால் இன்னும் காயவில்லை. மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும் ஏப்ரல், மே, அக்டோபரில் இந்த வேலையே வேண்டாம். ஜூன், ஜூலை பரவாயில்லை.

கூட்டுமாற்றால் தள்ளி நிரப்பி, ரப்பர் சுத்தியலால் கல்லைத் தட்டினால் மணல் உள்ளே இறங்கும். மறுபடி நிரப்புங்கள். கல் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழேயே நிறுத்திவிட்டு, கல்லின் மேல் தூசி துளிகூட இல்லாமல் பெருக்கி எடுங்கள். மிச்சம் இருந்தால் தண்ணீர் பட்டதும் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆனால், இறுகுமுன் வெந்நீரும் முரட்டுப் பிரஷும்தான் வழி. தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளியுங்கள், பள்ளமான பக்கத்திலிருந்து மேலே போங்கள். அதிகமாக ஊற்றினால் பசை கரைந்து ஓடி, வெறும் மணல்தான் மிஞ்சும். பிறகு 24 மணி நேரம் மழை படக் கூடாது, காரும் ஏறக் கூடாது.

புல்லே முளைக்காது என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். விதை பெரும்பாலும் மேலேயிருந்து காற்றில் வந்து விழுகிறது. இடுக்கில் தூசி சேர்ந்தால் இறுகிய மணல் மேலும் முளைக்கும். அதனால் வாரம் ஒரு தடவை பெருக்குவதை விட முடியாது.

டயர் ஓடும் தடத்தில் கல் அமுங்கியிருந்தால் பையைத் தொடவே வேண்டாம். கல்லைப் பெயர்த்து, அடித்தரையை இடித்து இறுக்கி, 30 மில்லிமீட்டர் பருமணல் பரப்பி மட்டம் பார்த்த பிறகுதான் இடுக்கு வேலை. பிரித்த பை மிஞ்சினால் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள், இந்த ஈரக்காற்றில் பைக்குள்ளேயே கட்டியாகிவிடும்.